தொட்டில் கொக்கியில் ஒரு தொலைநோக்கி

டீ கொதிக்கட்டும். அதற்குள் எதிர்வீட்டுப் பையன் கொண்டுவந்த வம்பைச் சொல்லிவிடுகிறேன்.

பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்றைப் பழையதாக வாங்கி மொட்டைமாடியில் வைத்திருக்கிறான். அடியில் 203 மில்லிமீட்டர் குழியாடி, குவியத் தூரம் 1,200 மில்லிமீட்டர், சுற்றிலும் தகரக் குழாய். அது ஒரு மரப்பெட்டியில் பீரங்கிபோல உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் வட்டக் காதுகள். காதுகள் பெட்டியின் பள்ளத்தில் சறுக்கினால் குழாய் மேலும் கீழும் போகும். இவ்வளவுதான் இயந்திரம்.

சேர்த்துவைத்த காசில், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் ஒன்றைப் பெரிதாக வாங்கினான். பழைய ஐபீஸ் 100 கிராம், புதியது 550. கிழக்கே தாழ்வாக எழுந்த சனியைப் பிடித்துவைத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக் கையை எடுத்தான். குழாய் மெதுவாகத் தலையைத் தொங்கப்போட்டது. பார்த்தால், சனி இருந்த இடத்தில் எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டி.

அவன் செய்த வைத்தியம் யாரும் செய்யக்கூடியதுதான். மளிகைக் கடையிலிருந்து ஒரு கிலோ படிக்கல்லை வாங்கிவந்து, குழாயின் முதுகில், காதுகளுக்குக் கொஞ்சம் பின்னால், கயிறு போட்டுக் கட்டினான். நின்றுவிட்டது. ஆனால் இரவு ஏற ஏற சனியும் உச்சிக்கு வந்தது. குழாயை நிமிர்த்தினான். இப்போது அது எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, அடிப்பாகம் பெட்டியின் முன்பலகையில் போய் 'டொம்' என்று முட்டியது.

“மாமா, படுக்க வச்சா சரியா இருக்கு. நிமித்தினா மல்லாக்கச் சாயுது. இன்னொரு கல்லு கட்டட்டுமா?”

கட்டாதே என்றேன். நானும் ஒரு காலத்தில் இப்படிக் கல்லுக்குக் கல் கட்டியவன்தான். முன்னால் ஒன்று, அதைச் சரிக்கட்டப் பின்னால் ஒன்று, அதற்காக இன்னொன்று என்று கடைசியில் என் குழாய் மூன்று கிலோ கூடி, மாடிப்படி ஏற ஆள் துணை தேவைப்பட்டது. எடையைச் சேர்க்குமுன் இருக்கிற எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்க ஒரு கருவி உண்டு, ஒரு மாலைக்குள் செய்துவிடலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் சிறுவயதில் பார்த்ததுண்டு. கவட்டைத் தூணின் மேல் நீண்ட துலா, அதன் ஒரு முனையில் சால். துலாவின் மேல் ஓர் ஆள் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், பின்னோக்கி நடந்தால் ஏறும். ஆளின் எடை ஒரு பலம்கூட மாறவில்லை, நின்ற இடம் மட்டும் மாறியது. எடையை அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவதைத்தான் பள்ளிப் பாடத்தில் திருப்புத்திறன் என்றார்கள். தொலைநோக்கி என்பது ஐபீஸ் தொங்கும் துலா. காதுதான் கவட்டைத் தூண்.

கணக்குப் போடுவோம். ஐபீஸ் இருக்கும் இடம் காதுகளிலிருந்து 60 செ.மீ. முன்னால். கூடிய எடை 450 கிராம். பெருக்கினால் 27,000 கிராம்-செ.மீ. இதைத் தாங்கவேண்டியது எது? காதுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள உராய்வு.

இந்த உராய்வுக்குப் பின்னால் ஒரு சாமியார் கதை இருக்கிறது. ஜான் டாப்சன் 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாகச் சேர்ந்தார். மடத்துக்குள் இருந்துகொண்டே கிடைத்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். தொலைநோக்கியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் வருவோர் போவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். மடத்து வேலை கெடுகிறது என்று பேச்சு எழுந்து, 1967-இல் மடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே தெருவோர வானியலாளர்களின் அமைப்பு அவரைச் சுற்றி உருவானது. 2014-இல் 98 வயதில் மறையும்வரை அவர் சொன்னது ஒன்றுதான்: அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி, சறுக்க நாலு துண்டு டெஃப்லான், இது போதும். பற்சக்கரமும் வேண்டாம், பூட்டும் திருகும் வேண்டாம். தள்ளினால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

டெஃப்லான் தன்மேல் அழுந்தும் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உராய்வாகத் திருப்பித் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். பையனின் குழாய் எல்லாம் சேர்த்து 10 கிலோ. காதின் ஆரம் 7.5 செ.மீ. பத்தாயிரம் கிராமில் பத்தில் ஒன்று ஆயிரம், அதை ஏழரையால் பெருக்கினால் 7,500. டெஃப்லான் துண்டுகள் பள்ளத்தில் சாய்வாக உட்கார்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும், 8,000 என்று கொள்வோம். 27,000 கேட்கும் இடத்தில் 8,000-தான் கையில் இருக்கிறது. குழாய் தலைகவிழாமல் என்ன செய்யும்?

உராய்வைக் கூட்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஸ்பிரிங் போட்டுக் காதை இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது, அதாவது நிமிடத்துக்குக் கால் பாகை. 200 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு சாதாரண ஐபீஸில் தெரியும் வானத்துண்டே கால் பாகைதான். ஒரு நிமிடத்தில் கோள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் ஒரு நகர்த்தல், மயிரிழை அளவு. இறுகிப்போன காது முதலில் அசையாது, பிறகு திடுமென்று நாலு மடங்கு நகரும். மழைக்காலத்தில் ஊறிப்போன மேசை டிராயரை இழுத்தவர்களுக்கு இது புரியும். உராய்வு குறைவாக இருக்கட்டும், எடை சமமாக இருக்கட்டும்.

இப்போது பையனின் இரண்டாவது சிக்கல். படுத்தால் சரி, நிமிர்ந்தால் மல்லாக்க. இதை விளங்கிக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் கல் கட்டுகிறவர்கள் உண்டு.

குழாயின் ஈர்ப்பு மையம் காதுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு அடி கனம், சாய்த்தால் எழுந்து நிற்கும். அதையே தலைகீழாக நிறுத்திப் பாருங்கள், கையை எடுத்த நொடியில் கவிழும். ஐபீஸ், அது செருகும் ஃபோகஸர், குறிபார்க்கும் ஃபைண்டர் மூன்றும் குழாயின் மேல்பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலே ஏறிப்போகிறது. குழாய் படுத்திருக்கும்போது இது தெரியாது. கனம் அச்சுக்கு நேர் மேலே இருப்பதால் எந்தப் பக்கமும் இழுக்காது. குழாயை நிமிர்த்தினால் அதே மேல்பக்கம் முதுகுப்பக்கமாகி அச்சுக்குப் பின்னால் வந்துவிடும். அப்போது முழுக் கனமும் மல்லாக்க இழுக்கும்.

முன்பின் கோளாறு இதற்கு நேர் எதிர். உச்சிவெயிலில் குழாயின் நிழல் தரையில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். படுத்த குழாய்க்கு நீண்ட நிழல், நிமிர்ந்ததற்குக் குட்டை நிழல். அந்த நிழலின் நீளம்தான் உண்மையான கைத்தூரம். 60 பாகை உயர்த்தினால் 27,000 பாதியாகி 13,500 ஆகும். 75 பாகையில் சுமார் 7,000, உராய்வே தாங்கிக்கொள்ளும். ஆகவே தொடுவானத்தில் வம்பு செய்வது முன்பின் கனம், உச்சியில் வம்பு செய்வது மேல்கீழ்க் கனம். எங்கே சாய்கிறது என்பதைக் கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

பையனின் குழாயில் ஃபைண்டர் 500 கிராம், குழாயின் நடு அச்சிலிருந்து 17 செ.மீ. தள்ளி. ஃபோகஸரும் புது ஐபீஸும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல், 19 செ.மீ. தள்ளி. மொத்தம் ஏறத்தாழ 28,000. இவை நேர் மேலே இல்லாமல் 45 பாகை பக்கவாட்டில் சரிந்திருப்பதால் மேல்நோக்கிய பங்கு பத்தில் ஏழு, 20,000 என்று வைப்போம். மிச்சம் காதுகளின் திசையில் பக்கவாட்டாகப் போய்விடுகிறது, அது சாய்க்காது. இந்த 20,000-த்துக்கு மேல்தான் அவன் படிக்கல்லையும் முதுகில் ஏற்றினான். நடு அச்சிலிருந்து 14 செ.மீ. உயரத்தில் ஒரு கிலோ, இன்னொரு 14,000. ஆக 34,000. இதில் 8,000 உராய்வு எந்த மூலைக்கு?

“கல்லு கட்டுறதுக்கு முன்னாடியே உச்சியில லேசா வழுக்கும் மாமா. நான் கையாலயே பிடிச்சுக்குவேன்” என்றான். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சரி, கருவி. இரண்டு பாகம். முதல் பாகத்துக்குச் செலவே இல்லை, உங்கள் வீட்டுக் கூடத்தில் தொட்டில் கொக்கி இருந்தால் போதும். எங்கள் வீட்டுக் கொக்கியில் கடைசியாகக் குழந்தை தூங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. குழாயின் இரண்டு வாயையும் மூடினோம், கீழே மெத்தை விரித்தோம். லாரியில் சுமை கட்டும் அகல நாடாவை வளையமாக்கிக் கொக்கியில் மாட்டினோம். இடையில் பெட்டி எடை போடும் கைத்தராசைக் கோத்தோம். நாடா வளையத்தில் குழாயை நுழைத்து மெத்தைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டோம். இரண்டு பேர் வேண்டும், குழாயை விட்டுக் கையை எடுக்கக் கூடாது. புது ஐபீஸ், ஃபைண்டர் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும், படிக்கல் மட்டும் கூடாது. பின்கட்டிலிருந்து வந்த என் அத்தை, யாருக்கு வளைகாப்பு என்று கேட்டுவிட்டுப் போனார்.

தொங்குகிற பொருளின் ஈர்ப்பு மையம் தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே வந்து நிற்கும், அது அதன் குணம். நாடாவை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வாருங்கள். இரண்டு முனையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும் இடம் வரும். அந்த இடத்தில் நாடாவின் நடுவே சாக்பீஸால் கோடு. பையனின் குழாயில் கோடு காதின் மையத்துக்கு 2.7 செ.மீ. முன்னால் விழுந்தது. கைத்தராசு காட்டியது 10 கிலோ. இரண்டையும் பெருக்குங்கள், அதே 27,000. ஒரு கல்லும் கட்டாமல் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிட்டது.

இரண்டாவது பாகம் உருளைத் தொட்டில். இதுதான் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் சாமான். 608 என்ற எண் கொண்ட பால் பேரிங் நான்கு வாங்குங்கள். சறுக்குச் சக்கரக் காலணியில் இருப்பது அதுதான்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, கனம் 7. குறுக்குப் பலகைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. போல்ட் போட்டு இரண்டிரண்டு பேரிங், மையத்துக்கு மையம் 13 செ.மீ. இடைவெளியில். 24 செ.மீ. விட்டமுள்ள குழாய் இந்த இடைவெளியில் எழும்பி உருண்டு ஓடாது, கீழே தொங்கிப் பலகையிலும் உரசாது. இரண்டு குறுக்குப் பலகைகளையும் ஒரு நீளப் பலகையில் 40 செ.மீ. தள்ளித் தள்ளி நிறுத்துங்கள். காதுகள் இடையில் வரவேண்டும், சுற்றும்போது இடிக்கக் கூடாது என்பதால் உருளைகள் பலகையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். குழாயின் பூச்சு கீறாமலிருக்க பேரிங்கைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. கடைசியாக ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமப்படுத்துங்கள். சாய்வாக இருந்தால் பேரிங் உங்களிடம் பொய் சொல்லும்.

குழாயை இதன் மேல் படுக்கவைத்து விட்டதுமே அது தானாகச் சுழன்று, கனத்த பக்கத்தைக் கீழே கொண்டுபோய் நிறுத்தும். தலைகீழாக நிறுத்திய சைக்கிளில் சக்கரம் சுழன்று ஓயும்போது கனத்த இடம் அடியில் வந்து நிற்பதுபோல. ஆனால் நமக்கு வேண்டியது அதுவல்ல. மேல்கீழ்க் கனம் மட்டும் எவ்வளவு என்று பார்க்க, குழாயின் மேல்பக்கம் சுவரைப் பார்க்கும்படி கால் சுற்றுத் திருப்பிப் பிடியுங்கள். அப்போது ஒரு காது வானத்தையும் ஒரு காது தரையையும் பார்க்கும். இந்த நிலையில் குழாயைத் திருப்பப் பார்க்கும் கனம்தான் உச்சியில் உங்களை மல்லாக்கத் தள்ளுகிற கனம்.

நாங்கள் அரிசியை 100 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, வயிற்றுப்பக்கம் டேப் போட்டு ஒட்டிக்கொண்டே வந்தோம். பொட்டலம் நடு அச்சிலிருந்து 16 செ.மீ. தள்ளி உட்காருகிறது. பன்னிரண்டு ஒட்டியபோது குழாய் சோம்பல்பட்டது, பதின்மூன்றில் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. பன்னிரண்டரை என்று வைத்தால் 1,250 பெருக்கல் 16, சரியாக 20,000. பையன் காகிதத்தில் போட்டிருந்த கணக்கு அரிசியில் வந்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வைத்தியம் இனி எளிது. அதே ஒரு கிலோ, முதுகிலிருந்து வயிற்றுக்கு. காதிலிருந்து 27 செ.மீ. பின்னால் வைத்தால் முன்பின் 27,000 சரியாகிறது. வயிற்றில் 14 செ.மீ. கீழே இருப்பதால் மேல்கீழ்க் கனத்தில் 14,000 கழிகிறது. மிச்சம் 6,000. அது உராய்வின் 8,000-க்குள் அடங்கிவிடும். கூடுதல் எடை ஒரு கிராம்கூட இல்லை. முதுகில் 34,000-ஆக இருந்த வம்பு வயிற்றில் 6,000 ஆனது. படிக்கல் முழங்கையளவு பருமனாக இருந்ததால் மட்டும் அதைக் கைவிட்டோம். குழாய் நிமிரும்போது வயிறு பெட்டியின் முன்பலகையை உரசிக்கொண்டு போகும், அங்கே அதிக இடைவெளி கிடையாது. லேத் பட்டறையில் 8 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. கனமுமான இரும்புத் துண்டு ஒன்று கேட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும்.

பழைய ஐபீஸைத் திரும்ப மாட்டினால்? இப்போது முன்னால் 450 கிராம் குறைந்து, குழாய் பின்பக்கம் கனத்துவிடும். அதற்காகத்தான் இரும்பை ஒரே இடத்தில் திருகிப் பூட்டாமல், வயிற்றில் நீளவாக்கில் ஒரு அலுமினியச் சட்டம் ஒட்டி அதில் நகரும்படி வைத்தோம். கை இறுக்கத்துக்கு ஒரு இறக்கைத் திருகு. கனமான ஐபீஸ் என்றால் 27 செ.மீ.யில் சிவப்பு டேப். லேசான ஐபீஸ் என்றால் காதுக்கு நேர் கீழே, பூஜ்ஜியத்தில், வெள்ளை டேப். பூஜ்ஜியத்தில் நின்றால் முன்பின் கணக்கில் அந்த இரும்பு இல்லாததற்குச் சமம், ஆனால் மேல்கீழ்க் கணக்கில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். துலாவின் மேல் நடந்தவர் செய்தது இதைத்தான். இரண்டு ஐபீஸுக்கு இரண்டு கோடு, மூன்றாவது வாங்கினால் மூன்றாவது கோடு.

இன்னும் சில வழிகள் உண்டு. பின்முனையில் சங்கிலி தொங்கவிட்டு அதன் வாலைத் தரையில் கிடத்துகிறவர்கள் உண்டு. குழாய் நிமிர நிமிர பின்முனை இறங்கும், சங்கிலி தரையில் படுத்து எடை குறையும். புத்திசாலித்தனமான ஏற்பாடு, ஆனால் இருட்டில் காலில் சிக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தகரத்தில் ஒட்டவைப்பதும் நல்ல யோசனை, பனியில் வழுக்காதவரை.

மோட்டார் வைத்த அச்சுத் தாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கருவி உதவும். மலிவான தாங்கிகளில் கிரீஸ் தேன்போலக் கெட்டியாக இருக்கும். பூட்டைத் தளர்த்தினாலும் குழாய் அசையாது. சமமாக இருக்கிறதா இல்லையா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. குழாயைக் கழற்றி நாடாவில் தொங்கவிட்டுக் கோடு போட்டுக்கொண்டு, பிறகு மாட்டுவதுதான் வழி. ஒரு விதிவிலக்கு: வானத்தைத் தொடர்ந்து படம் எடுக்கிறவர்கள் கிழக்குப் பக்கத்தை வேண்டுமென்றே துளி கனமாக விடுவார்கள். மோட்டார் எப்போதும் சற்றே தள்ளிக்கொண்டிருந்தால் பற்சக்கரத்தின் பற்கள் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும், இடைவெளியில் தடதடக்காது. முழுச் சமம் எல்லா இடத்திலும் நல்லதில்லை.

நேற்று இரவு பையனின் மாடிக்குப் போயிருந்தேன். சிவப்பு டேப்பில் இரும்பை நிறுத்தி, சனி தாழ்வாக இருக்கும்போதே பிடித்தான். இரண்டு மணி நேரம் கழித்தும் அதே கோள், அதே ஐபீஸ், கை எடுத்தால் குழாய் எடுத்த இடத்தில். ஒரு விரலால் நகர்த்திக்கொண்டே பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு வளையத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். வரிசை முடிந்ததும் என்னிடம் வந்து, கல்லூரி நண்பனின் கேமரா கிடைக்கும்போலிருக்கிறது, 700 கிராமாம் என்றான்.

அரிசிப் பொட்டலங்களை இன்னும் பிரிக்கவில்லை என்றேன். உங்கள் டீ ஆறிப்போயிருக்கும், சூடாக்கித் தரட்டுமா?